இரண்டு டாலர் முகமூடியும் சாக்லேட் ரத்தமும்!

அக்டோபர் பிறந்துவிட்டால் போதும், அமெரிக்காவில் வீட்டு வாசல்கள் எல்லாம் பேய் பிசாசுகளின் வசம் போய்விடும். படிக்கட்டில் கண், மூக்கு வெட்டிய பரங்கிக்காய் விளக்கு, மரக்கிளையில் எலும்புக்கூடு, ஜன்னலில் கறுப்புப் பூனை. 31-ம் தேதி ஹாலோவீன். குழந்தைகள் விதவிதமாக வேஷம் கட்டி, வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். பெரியவர்களுக்கு? விடிய விடியத் திகில் படம்தான்!

அந்தப் படங்களில் வரும் முகமூடிகளும் உடைகளும் இன்று கடைகளில் ரெடிமேடாகக் கிடைக்கின்றன. பலவும் ஒரு ராத்திரி போட்டுவிட்டுத் தூக்கி எறியும் சரக்கு. ஆனால், அவை பிறந்த கதையைத் தேடிப் போனால் ஒரு வேடிக்கை. ரசிகர்களை நடுங்கவைத்த சில பொருள்கள், கையில் காசில்லாத கலைஞர்கள் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றியவை!

கேப்டன் கொலைகாரன் ஆன கதை

1978-ல் ஜான் கார்பென்டர் இயக்கிய 'ஹாலோவீன்' படத்தின் பட்ஜெட் சுமார் 3 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் அது சில்லறைக் காசு. கொலைகாரன் மைக்கேல் மையர்ஸுக்கு முகமூடி வேண்டும். இரண்டு டாலருக்கும் குறைவான விலையில் ஒன்று கிடைத்தது. 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கிர்க், அதாவது நடிகர் வில்லியம் ஷாட்னரின் முகம். படத்தின் கலைப் பொறுப்பைப் பார்த்த டாமி லீ வாலஸ் அதன் புருவத்தையும் கிருதாவையும் எடுத்தார். கண் துளைகளைப் பெரிதாக்கினார். முகம் முழுக்க வெள்ளை பெயின்ட் அடித்தார். அவ்வளவுதான்! சிரிப்பும் இல்லாத, கோபமும் இல்லாத அந்த வெற்று முகம்தான் இன்றுவரை மிரட்டுகிறது.

கதை நடப்பது இலையுதிர் காலத்தில். படப்பிடிப்போ கலிஃபோர்னியாவின் வசந்த காலத்தில். காய்ந்த இலைக்கு எங்கே போவது? இலைகளுக்குப் பழுப்பு வர்ணம் பூசித் தெருவில் தூவினார்கள். காட்சி முடிந்ததும் பொறுக்கி எடுத்து அடுத்த காட்சிக்கும் அதையே தூவினார்கள். படத்தின் உலக வசூல் சுமார் 7 கோடி டாலர்!

சமையலறை ரத்தம்

1960-ல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' கறுப்பு வெள்ளைப் படம். குளியலறைக் காட்சியில் தண்ணீரோடு ஓடும் ரத்தம் சாக்லேட் சிரப். கத்தி இறங்கும் சத்தம், முலாம்பழத்தைக் குத்தி எடுத்தது. 1996-ல் வந்த 'ஸ்க்ரீம்' படத்துக்கு முகமூடி புதிதாகச் செய்யப்படவில்லை. லொகேஷன் பார்க்கப் போன வீட்டில் கண்ணில் பட்ட, ஏற்கெனவே கடையில் விற்றுக்கொண்டிருந்த முகமூடி அது.

வீட்டிலேயே செய்யலாம்

* பேய் வேஷம்: 1982-ல் வந்த 'இ.டி' படத்தில், வேற்றுக்கிரக ஜீவனை ஹாலோவீன் கூட்டத்தில் மறைக்கக் குழந்தைகள் பயன்படுத்தியது ஒரு வெள்ளைப் போர்வை. பழைய போர்வையில் கண்ணுக்குப் பெரிய ஓட்டை போட்டால் போதும். கால் தடுக்காத நீளத்தில் வெட்டுவது முக்கியம்.

* புதர்க் கண்கள்: டிஷ்யூ ரோல் தீர்ந்த அட்டைக் குழலில் இரண்டு கண்களை வெட்டி, உள்ளே இருட்டில் ஒளிரும் குச்சியை வைத்துச் செடிகளுக்கு நடுவே செருகலாம்.

* ரத்தம்: கார்ன் சிரப்பில் சிவப்பு ஃபுட் கலரும் துளி கோகோ பவுடரும் கலந்தால் தயார். துணியில் கறை படியும், உஷார்!

* ஜாக்கின் தலைகள்: 1993-ல் வந்த 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்' பொம்மைப் படத்தில், எலும்புக்கூடு நாயகன் ஜாக்கின் முகபாவங்களுக்காகச் செய்த தலைகள் மட்டும் சுமார் 400. வீட்டுக்கு நான்கு வெள்ளைப் பந்தும் கறுப்பு மார்க்கரும் போதும்.

செய்த கைக்குப் பயமில்லை

'ஹாலோவீன்', 'ஸ்க்ரீம்' இரண்டும் பெரியவர்களுக்கான படங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஜாக்கின் படம் பொருந்தும். பயந்த சுபாவமுள்ள குழந்தையிடம் 'அது வெறும் சினிமா' என்று சொல்வதைவிட, பெயின்ட் டப்பாவையும் அட்டையையும் கையில் கொடுப்பது நல்லது. புருவம் வரைந்தால் கோபம், அழித்தால் வெறுமை, வாயை வளைத்தால் சிரிப்பு என்று தானே மாற்றிப் பார்த்த முகத்திடம் பயம் குறையும்.

ஹாலோவீன் விளக்கே இப்படி ஒப்பேற்றியதுதான். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், அமெரிக்காவில் குடியேறியதும் அங்கே தாராளமாக விளைந்த பரங்கிக்காய்க்கு மாறினார்கள். இப்போது இன்னொரு சின்ன மாற்றம் செய்யலாம். தரையில் புரளும் உடையோடு குழந்தைகள் ஓடும் வாசலில் மெழுகுவத்தி வேண்டாம்; பரங்கிக்காய்க்குள் பேட்டரி பல்பை வைத்துவிடலாம்.