சட்டம் அறிவோம்: பெட்டி கேஸ்தானே என்று கையெழுத்திடும் முன்



பெருநாள் தொழுகை முடிந்து, உற்றார் உறவினரைக் கண்டு வந்தபின், கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் பகுதி இளைஞர்களின் மனம் நாடுவது கல்வராயன் மலையைத்தான். கரியாலூரில் பூங்கா உண்டு, படகுத்துறை உண்டு. அங்கே வண்டி நிறுத்துவதில் தொடங்கிய வாய்ச்சண்டை வசைச் சொல்லாக முற்றி, சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போய், கரியாலூர்க் காவல் நிலையத்தில் முடிந்ததாக வைத்துக்கொள்வோம். செய்தி கேட்டுப் பதறியடித்து மலையேறும் அத்தாவிடம் யாரேனும் ஒருவர் சொல்லும் ஆறுதல் பெரும்பாலும் ஒன்றே: "பெட்டி கேஸ்தான் பாய், அபராதத்தைக் கட்டினால் முடிந்துவிடும்."

முடிந்துவிடுகிறதா என்பதே இம்மாதம் நாம் பார்க்க வேண்டியது.

2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை விளைவித்தால் 292ஆம் பிரிவின்படி ரூ.1,000 வரை அபராதம். பழைய சட்டத்தில் இது ரூ.200 ஆக இருந்தது. இருவரோ பலரோ பொது இடத்தில் சண்டையிட்டு அமைதியைக் குலைத்தால், 194ஆம் பிரிவின்படி ஒரு மாதம் வரை சிறை அல்லது ரூ.1,000 வரை அபராதம், அல்லது இரண்டும். ஆபாசமாகத் திட்டினால் 296ஆம் பிரிவு. மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. இம்மூன்றும் ஜாமீனில் விடத்தக்க குற்றங்களே. அதாவது, உரிய ஜாமீன் கொடுக்க முன்வருபவரை விடுவிப்பது காவலர் காட்டும் கருணையன்று, அது அவருடைய உரிமை. இதை அறியாமல் நம்மவர் கைகட்டி நின்று கெஞ்சுவதைக் காணும்போது வருத்தமே மிகுகிறது.

இனி அந்த அபராதத்திற்கு வருவோம். அபராதம் விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திற்கே உண்டு. நடுவர் முன் நின்று "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்" என்று சொன்ன பின்னரே அத்தொகை கட்டப்படுகிறது. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள சிறு குற்றங்களில், நேரில் வராமல் எழுத்து மூலமாகவே ஒப்புக்கொள்ளவும் சட்டம் வழி செய்துள்ளது. எவ்வழியாயினும் விளைவு ஒன்றுதான்: உங்கள் பிள்ளை குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது. ஒப்புக்கொண்டவர் பிறகு மேல்முறையீடு செய்வதும் அநேகமாக இயலாது. தண்டனையின் அளவையோ சட்டப்பொருத்தத்தையோ பற்றி மட்டும், அதுவும் சில வழக்குகளில், கேட்கலாம்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துச் சாட்சியும் வைக்கச் சொல்லும் அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே திருக்குர்ஆனில் மிக நீளமானது. மக்தபில் இதை ஓதிக்கொடுக்கும்போது நான் மாணவர்களிடம் வற்புறுத்துவது, எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடும் பழக்கத்தைத்தான். அந்த வசனத்தை ஓதுகிற சமுதாயம், வாசித்துப் பாராத தாளில் பெயரைப் போடுவது விந்தையே.

சரி, வழக்கு நடக்கட்டும் என்று நீதிமன்றத்திற்கே போகாமல் இருந்துவிட்டால்? நம் வீடுகளுக்கு இதுதான் பெரிய இடி. 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவின்படி, நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருப்பவருக்குப் பாஸ்போர்ட் மறுக்கலாம். வழக்கு சிறியதா பெரியதா என்று அப்பிரிவு பிரித்துப் பார்ப்பதில்லை. வளைகுடா வேலைக்கான விசா வந்த பின்போ, பெற்றோரை உம்ராவுக்கு அழைத்துச் செல்லும் ஏற்பாட்டின் நடுவிலோதான் இது தெரியவரும். வேடிக்கை என்னவென்றால், அபராதம் கட்டி முடிந்துபோன வழக்கு பாஸ்போர்ட்டைத் தடுப்பதில்லை. ஒழுக்கக்கேடான குற்றத்திற்காக இரண்டாண்டுக்குக் குறையாத தண்டனை பெற்றிருந்தால்தான் ஐந்தாண்டுத் தடை. நிலுவையில் இருப்போருக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. 1993 ஆகஸ்ட் 25 அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றத்திடம் வெளிநாடு செல்ல அனுமதி ஆணை பெற்றால், குறிப்பிட்ட காலத்திற்குப் பாஸ்போர்ட் கிடைக்கும்.

அரசு வேலையில் நிலைமை நேர்மாறானது. தமிழகக் காவலர் தேர்வு விதிகளில், சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுகிறார். ஆயினும் விண்ணப்பத்தில் மறைப்பதே பலரை வீழ்த்துகிறது. டெல்லிக் காவல்துறைத் தேர்வில், வாலிப வயதில் ஓர் அடிதடி வழக்கில் சிக்கி, சமரசமாகி விடுதலையான ஒருவர் அதைக் குறிப்பிடாமல் விட்டதற்காக நீக்கப்பட்டார். 2011இல் உச்ச நீதிமன்றம், இளமையின் தவறுகளை மன்னிக்கலாம் என்ற நோக்கில் அவருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. 2016 ஜூலை 21 அன்று மூவர் அமர்வு இதை நெறிப்படுத்திற்று: இளம் வயதில் கோஷமிட்டது போன்ற அற்பமான வழக்கை மறைத்திருந்தால், வேலை கொடுப்பவர் தம் விருப்புரிமையில் அதைப் பொருட்படுத்தாது விடலாம். விடலாம் என்றுதான் சொன்னது, விட்டாக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே படிவம் கேட்டால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். உண்மை பேசுவது நமக்கு மார்க்கக் கடமை. இங்கே அதுவே சட்டப் பாதுகாப்பாகவும் அமைகிறது.

அயர்லாந்து நாட்டில் இவ்விதக் குற்றங்களுக்கு 1994ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டம் உண்டு. அங்கே 2016இல் மற்றொரு சட்டம் இயற்றி, இத்தகைய சிறு தண்டனை ஏழாண்டு கழிந்தால் பெரும்பாலான இடங்களில் சொல்ல வேண்டியதில்லை என்று ஆக்கிவிட்டார்கள். வயது வந்தோருக்கு அத்தகைய பொதுச்சட்டம் நம் நாட்டில் இல்லை. இருப்பது 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம். முன்பு தண்டனை பெறாதவர் இத்தகைய சிறு குற்றம் செய்திருந்தால், அதன் 3ஆம் பிரிவின்படி நடுவர் எச்சரித்து அனுப்பலாம். 12ஆம் பிரிவின்படி, அவ்வாறு அனுப்பப்பட்டவரைத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு பற்றாது. அபராதத்தைக் கட்டும் அவசரத்தில் யாரும் இதைக் கேட்பதேயில்லை! வழக்கறிஞர் மூலம் கேட்டுப் பாருங்கள். காலக்கெடுவையும் கவனியுங்கள்: அபராதம் மட்டுமே உள்ள குற்றமாயின் ஆறு மாதத்திற்குள்ளும், ஓராண்டு வரை சிறை உள்ளதாயின் ஓராண்டுக்குள்ளும் நீதிமன்றத்தில் புகார் தாக்கலாகியோ காவல் நிலையத்தில் தகவல் பதிவாகியோ இருக்க வேண்டும்.

பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறையவில்லையெனில் பிறப்புச் சான்றிதழைக் கையோடு கொண்டு போங்கள். அவன் செல்ல வேண்டியது இளைஞர் நீதிக் குழுமத்திற்கு. சிறு குற்றத்திற்கு, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாக இல்லாவிட்டால், அவன் மீது முதல் தகவல் அறிக்கையே பதியலாகாது. நாட்குறிப்பில் எழுதினால் போதும். 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு பிற்காலத் தகுதியிழப்பையும் நீக்குகிறது.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்போருக்காகவே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், சிறுவர்கள், காவலில் இருப்போர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பாராது இலவச வழக்கறிஞர் தருகிறது. அந்தச் சண்டையில் எதிர்ப்பக்கம் நின்ற மலைவாழ் மகனுக்கும் அதே பெட்டி கேஸ்தான். அவன் பழங்குடியினன்; இந்த உதவி அவனுக்கு உரிமையாகவே உண்டு. சமாதானம் பேச நீங்கள் மலையேறும் நாளில் அவன் வீட்டாரிடமும் இதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.