மேடைப் பெருமையும் மூலைவிட்டமும்

தமிழ்விழா மேடைகளில் ஒரு பெருமை அடிக்கடி ஒலிக்கிறது. போதையனார் பெயரால் வழங்கும் பாடல் ஒன்று, பித்தாகரசுக்கு முன்பே செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தை வர்க்கமூலமின்றிக் கண்டுவிட்டதாம். நீண்ட பக்கத்தை எட்டுக் கூறாக்கி, ஒரு கூற்றைக் கழித்து, குறுகிய பக்கத்தின் பாதியைக் கூட்ட வேண்டும், அதுவே விதி. உடனே கைதட்டல் எழுகிறது. அளந்து பார்த்தவர் எத்தனை பேர்?

நான்கும் மூன்றும் ஐந்தைத் தரும். பன்னிரண்டும் ஐந்தும் பதின்மூன்றைத் தரும். இரண்டும் பிழையற்றவை, மேடைக்கு வருபவையும் இவை போன்றவையே. வீடு கட்டுகிறவனோ சதுர அறையையும் கட்டுகிறான். 12 அடிச் சதுரத்திற்கு இவ்விதி தரும் மூலைவிட்டம் 16 அடி 6 அங்குலம். உண்மை அளவோ 16 அடி 11½ அங்குலத்திற்கும் சற்று மேல். விதியை நம்பி முளையடித்தால் மற்றொரு மூலைவிட்டம் 17 அடி 5 அங்குலமாக நீளும், அறை சாய்சதுரமாகிவிடும், சுவர் தன் நேரிலிருந்து ஏறத்தாழ 8 அங்குலம் விலகி நிற்கும். அதன்மேல் கூரைத் தகரத்தை எப்படி நேராக அடிப்பது? ஏடும் எழுதுகோலும் இல்லாத இடத்தில் இவ்விதி கைகொடுக்கும் மதிப்பீடு என்பதை மறுப்பதற்கில்லை. மதிப்பீட்டைத் தேற்றம் என்று மாணவர்க்குச் சொல்வதுதான் குற்றம்.

கோலசிலாங்கூர், ஈஜோக், ஜெராம், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்துத் தோட்டங்களில் பாடல் அறியாத பாட்டாளி என்ன செய்தான்? லயத்தின் பின்புறம் அடுக்களையை நீட்டும்போது, கயிற்றில் ஒருபுறம் மூன்று அடி, மறுபுறம் நான்கு அடி குறித்து, குறுக்கே ஐந்து அடி வரும்வரை முளையை நகர்த்தினான். எதிரெதிர்ப் பக்கங்களைச் சமமாக்கியபின் இரு மூலைவிட்டங்களையும் ஒரே கயிற்றால் ஒத்துப் பார்த்தான். அவை சமமானால் நான்கு மூலைகளும் செங்கோணம். இதில் கணக்கே போட வேண்டியதில்லை. பிழை நேர்ந்தால் கயிறே காட்டிக் கொடுக்கும்; பாடலுக்கு அந்த நேர்மை இல்லை.

2003ஆம் ஆண்டில் தமிழ்ப்பள்ளிக் கணிதம் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டபோது தமிழன்பர் கொதித்தனர். அக்கொதிப்பு நியாயமானது. அக்கொள்கை கைவிடப்பட்டுக் கணிதம் தாய்மொழிக்கு மீண்டது. மீண்ட கணிதத்தைக் கொண்டு செய்வது என்ன? பழம்பெருமைக்குச் சான்று தேடுவதா? மூலைவிட்டம் என்ற அருமையான சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அதன் பொருளை ஒரு மூலையில்கூட அளந்து காட்டாமல் விடுவதா? தாத்தாவின் கயிற்றுக் கணக்கு பேரனுடைய பயிற்சி நூலில் ஏன் இடம்பெறவில்லை?

அடுத்த தமிழ்விழாவில் அப்பாடலைப் பாடட்டும். பாடி முடித்ததும் பேச்சாளரும் மாணவரும் திடலில் இறங்கி, நான்கு முளைகளும் ஒரு கயிறும் கொண்டு 12 அடிச் சதுரம் ஒன்றை அமைக்கட்டும். கைதட்டலை அதற்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.