பூச்சி தின்னும் செடிக்கு சிக்கன் ஊட்டலாமா? பெரம்பலூர், அரியலூரில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை!

ஆன்லைனில் வாங்கிய வீனஸ் ஃப்ளைட்ராப் செடி வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் செய்யும் முதல் வேலை, அதன் வாயில் எதையாவது வைப்பதுதான். முதலில் ஈ, அடுத்து எறும்பு, ஞாயிற்றுக்கிழமை வந்தால் சிக்கன் துணுக்கு. ‘நல்லா சாப்பிட்டா சீக்கிரம் வளரும்’ என்று நம்பிக்கை. சில நாளில் அந்த இலை கறுத்து அழுகிவிடும்.

உண்மையில் பூச்சி அந்தச் செடிக்குச் சாப்பாடு இல்லை, உரம். உணவை வெயிலில் தானே தயாரித்துக்கொள்ளும். சத்தில்லாத சதுப்பு மண்ணில் கிடைக்காத நைட்ரஜன், பாஸ்பரஸுக்காகத்தான் பூச்சி பிடிக்கிறது. அதற்காக ஊட்டுவது வீண் என்றும் சொல்ல முடியாது. சார்லஸ் டார்வினின் மகன் பிரான்சிஸ் டார்வின், 1878-ல் வெளியிட்ட ஆய்வில், ட்ரோசீரா செடிகளில் பாதிக்கு மட்டும் பொடிப்பொடியாக இறைச்சி வைத்துப் பார்த்தார். ஊட்டியவற்றில் விதை இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அவர் வைத்தது துணுக்கிலும் துணுக்கு. நம் வீட்டில் வைப்பது மசாலாவும் எண்ணெயும் சேர்ந்த துண்டு!

பெரம்பலூர், அரியலூர் பக்கம் இதைவிடப் பெரிய சிக்கல் போர் தண்ணீர். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியில் கடல் இருந்தது. சாத்தனூர் கல்மரம் அந்தக் காலத்து மிச்சம். அரியலூருக்கு சிமென்ட் ஆலைகள் வந்ததும் அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லால்தான். வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு தொட்டியில் சேரச் சேர இந்தச் செடியின் வேர் கருகும். என்ன ஊட்டினாலும் பிழைக்காது. தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் முழுதாகச் சரியாகாது.

மழைத்தண்ணீர்தான் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் நாலு குடம் பிடித்து மூடிவைத்தால் பல மாதம் வரும். இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீர், டி.டி.எஸ். அளவு 50-க்குள் இருக்கட்டும். செம்மண், தொழு உரம், யூரியா எதுவும் கூடாது.

இவையெல்லாம் சரியான பிறகு ஊட்டலாம். பொறியின் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத பூச்சி, இரண்டு வாரத்துக்கு ஒரு பொறிக்கு மட்டும். செத்த பூச்சி என்றால், மூடிய பிறகு பொறியை லேசாக அமுக்கிவிட வேண்டும். உள்ளே அசைவு இருந்தால்தான் செரிமான நீர் சுரக்கும். வேடிக்கைக்காகக் குச்சியால் சீண்டக் கூடாது. ஒவ்வொரு பொறியும் சில தடவைதான் வேலை செய்யும்.

இன்னொரு விஷயம். வீனஸ் ஃப்ளைட்ராப், அமெரிக்காவின் கரோலினா பகுதிச் செடி. அதற்குக் குளிர்காலத்தில் மூணு, நாலு மாதம் ஓய்வு வேண்டும். நம்மூர் மார்கழிக் குளிர் அதற்குப் பத்தாது. நம் வெயிலுக்கு ஏற்றது அழுகண்ணி என்று சித்த மருத்துவம் சொல்லும் ட்ரோசீரா பர்மானி. ஒட்டும் இலையால் கொசுவையும் சிறு ஈயையும் தானே பிடித்துக்கொள்ளும், ஊட்டவே தேவையில்லை. அதற்காகக் காட்டில் இருந்து பிடுங்கி வரக் கூடாது. விதை வாங்கிப் போட்டாலே முளைக்கும்.