அமரும் உரிமை

துணிக்கடையில் புடவைகளை விரித்துக் காட்டும் பெண்களும், பாத்திரக்கடையில் பொருள்களை எடுத்துத் தரும் இளைஞர்களும் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே பணியாற்றுகின்றனர். வாங்குவோர் வராத வேளையிலும் அமரக்கூடாது என்பது பல கடைகளில் எழுதப்படாத விதியாகவே இருந்து வந்துள்ளது. சிறிதாகத் தோன்றும் இவ்விதி, உழைப்போரின் உடல்நலத்தையும் வருவாயையும் ஒருசேரக் குலைக்கிறது.

நெடுநேரம் நிற்பவரின் கால்களில் இரத்தம் தேங்குகிறது. நாளடைவில் நரம்புச் சுருள், கால்வீக்கம், இடுப்புவலி ஆகியன தோன்றுகின்றன. கழிப்பறை வசதியற்ற இடங்களில் பெண்கள் நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்வதால் சிறுநீர்த் தொற்றுக்கும் ஆளாகின்றனர். நோயுற்றவர் விடுப்பு எடுத்தால் அன்றைய ஊதியம் போகிறது. மருத்துவச் செலவு கடனாக வந்து சேர்கிறது. கடனை அடைக்க மீண்டும் அதே இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. இவ்வாறு நோயும் வறுமையும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

நோயை அறிவதோடு அமையாமல் அதன் காரணத்தையும் ஆராய வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய மருத்துவ நெறி. இங்கே நோயின் காரணம் பணியிட விதியில் உள்ளது. எனவே மாத்திரையும் தைலமும் மட்டும் இதனைத் தீர்த்துவிடா. சட்டமும் மருந்தாக வேண்டும்.

அச்சட்டம் தானாக வந்துவிடவில்லை. கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைகளில் பணியாற்றிய பெண்கள் முதலில் கழிப்பறை வசதி கேட்டனர். பின்னர் அமரும் உரிமை கேட்டனர். சங்கமாகத் திரண்டு பல்லாண்டுகள் போராடினர். அதன் பயனாக 2018ஆம் ஆண்டு கேரள அரசு, கடைகள் தொடர்பான தன் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு, 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்துவதற்கான முன்வடிவை 2021 செப்டம்பரில் சட்டப்பேரவையில் கொண்டுவந்து நிறைவேற்றியது. ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி செய்து தரப்பட வேண்டும் என்பதும், பணியினிடையே வாய்க்கும் நேரத்தில் அவர்கள் அமரலாம் என்பதும் அத்திருத்தத்தின் சாரம்.

ஊழியர் அமர்ந்திருந்தால் வாடிக்கையாளருக்கு மதிப்புக் குறையும் எனச் சில வணிகர்கள் கருதலாம். வேலையை விட்டுவிட்டு அமரும்படி சட்டம் கூறவில்லை; வேலையற்ற இடைவேளையில் அமரவே இடம் தருகிறது. கால்வலியோடு நிற்பவரின் பணியைக் காட்டிலும் சற்றே இளைப்பாறியவரின் பணி சிறக்கும் என்பதை வணிகர்கள் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

ஆயினும், இருக்கை போட்டுவிடுவதால் மட்டும் உரிமை கிடைத்துவிடாது. வேலை பறிபோகும் என்று அஞ்சுபவர், இருக்கை இருந்தும் அமரமாட்டார், முறையிடவும் துணியமாட்டார். ஆகவே தொழிலாளர் துறையினரின் தொடர்ந்த ஆய்வும், முறையிடுவோருக்குப் பாதுகாப்பும் இன்றியமையாதன. பொருள் வாங்கச் செல்வோருக்கும் இதில் பங்குண்டு. அமர்ந்திருக்கும் ஊழியரைக் கண்டு முகம் சுளிக்காத வாடிக்கையாளரே சட்டத்திற்கு உயிரூட்டுபவர். நின்று தேய்ந்த கால்கள் கேட்டுப் பெற்ற உரிமை, ஏட்டளவில் நின்றுவிடலாகாது.