ஆங்கில இறந்தகாலத்தைத் தமிழிலிருந்து தொடங்குங்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கில இலக்கணம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ‘டென்ஸ்’ அட்டவணை. காலம் மூன்று, ஒவ்வொன்றிலும் வகை நான்கு, ஆக 12 கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு சூத்திரம்: ‘ஹேட்’ போட்டு ‘வி த்ரீ’ சேர்த்தால் பாஸ்ட் பர்ஃபெக்ட், ‘வாஸ்’ போட்டு ‘இங்’ சேர்த்தால் பாஸ்ட் கன்டினியூயஸ். பள்ளியில் தொடங்கும் இந்த மனப்பாடம் கல்லூரி வரை வருகிறது. அதன் பிறகு சேரும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பிலும் பெரும்பாலும் அதே அட்டவணைதான். இத்தனைக்கும் பிறகு, நேற்று நடந்த ஒன்றை ஆங்கிலத்தில் நான்கு வாக்கியங்களில் சொல்லச் சொன்னால் பலர் தடுமாறுகிறார்கள். சூத்திரம் தெரியும், எந்த இடத்தில் எதை எடுப்பது என்பதுதான் தெரிவதில்லை. இது மாணவரின் குறை அன்று. இறந்தகாலத்தின் வடிவங்களைக் கற்றுத்தருகிறோம். அவை எதற்காக இருக்கின்றன என்பதைக் கற்றுத்தருவதில்லை. அதை விளக்க நம் கையில் இருக்கும் மிக நல்ல கருவி தமிழ் வினைச்சொல். அந்தக் கருவியை ஆங்கில வகுப்புக்கு வெளியே நிறுத்திவைத்தது பெரிய தவறு.

ஆங்கில இறந்தகாலம் ஏன் இத்தனை வடிவம் எடுக்கிறது? ஹான்ஸ் ரைக்கன்பாக் என்ற தத்துவ அறிஞர் 1947இல் வெளியான தருக்கவியல் நூலில் இதற்குத் தெளிவான விடை சொன்னார். பேசும் நேரம், செயல் நடந்த நேரம் என்ற இரண்டு மட்டும் போதாது. எந்த நேரத்தில் நின்று அந்தச் செயலைப் பார்க்கிறோம் என்ற மூன்றாவது புள்ளியும் வேண்டும் என்றார். செயல் நடந்த நேரத்திலேயே நின்று அதைச் சொன்னால் சிம்பிள் பாஸ்ட். இன்று நின்று, நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்த்தால் பிரசன்ட் பர்ஃபெக்ட். கடந்துபோன ஒரு நேரத்தில் நின்று, அதற்கும் முந்தியதைப் பார்த்தால் பாஸ்ட் பர்ஃபெக்ட். ஆக, எவ்வளவு காலத்துக்கு முன் நடந்தது என்பதை வைத்து வடிவம் மாறுவதில்லை. பார்க்கும் இடத்தை வைத்து மாறுகிறது. ‘ஹி லிவ்ட் இன் மதுரை ஃபார் டென் இயர்ஸ்’ என்றால் அவர் இப்போது மதுரையில் இல்லை என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். ‘ஹி ஹேஸ் லிவ்ட் இன் மதுரை ஃபார் டென் இயர்ஸ்’ என்றால் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்று கொள்வார். வேலைக்கான நேர்காணலில் ‘ஐந்து ஆண்டு பணிசெய்தேன்’ என்பதா, ‘ஐந்து ஆண்டாகப் பணிசெய்து வருகிறேன்’ என்பதா என்ற வேறுபாடு இந்த ஒரு துணைவினையில் அடங்கியிருக்கிறது. மருத்துவரிடம் காய்ச்சல் வந்து போனதா, இன்னும் இருக்கிறதா என்று சொல்வதும் இதே வேறுபாடுதான்.

இந்தப் பார்வை தமிழருக்குப் புதிதன்று. ‘செய்தேன்’, ‘செய்திருக்கிறேன்’, ‘செய்திருந்தேன்’, ‘செய்துகொண்டிருந்தேன்’ என்ற நான்கையும் பள்ளிக்குப் போகும் முன்பே நம் குழந்தைகள் வேறுபடுத்திப் பேசுகிறார்கள். அமைப்பையும் கவனியுங்கள். ‘செய்திருக்கிறேன்’ என்பதில் ‘செய்து’ மாறாமல் நிற்க, ‘இரு’ என்ற துணைவினை நிகழ்காலம் காட்டுகிறது. ‘செய்திருந்தேன்’ என்பதில் அதே துணைவினை இறந்தகாலம் காட்டுகிறது. ஆங்கிலத்தில் ‘ஹேவ் டன்’, ‘ஹேட் டன்’ என்பவற்றிலும் ‘டன்’ மாறாமல் நிற்க, துணைவினைதான் காலத்தைச் சுமக்கிறது. எதிர்மறையிலும் இந்த ஒற்றுமை உண்டு. ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்பது நம் வகுப்பறைகளில் ஓயாமல் திருத்தப்படும் பிழை. ‘போனேன்’ என்பதை எதிர்மறையாக்கும்போது தமிழர் யாரும் ‘போனேன் இல்லை’ என்பதில்லை. ‘போகவில்லை’ என்றே சொல்கிறோம். அங்கே ‘போக’ என்பதில் இறந்தகாலக் குறி கிடையாது. ஆங்கிலத்திலும் ‘டிட்’ காலத்தை ஏற்றுக்கொண்டதால் ‘கோ’ வெறும் வினையாக நிற்கிறது. இதை ஒரு முறை பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் மாணவருக்குக் காரணம் விளங்கும். காரணம் விளங்கிய விதியை மறப்பது கடினம்.

இறந்தகால வடிவம் எப்போதும் இறந்தகாலத்தைத்தான் குறிக்குமா என்ற குழப்பத்துக்கும் தமிழில் விடை இருக்கிறது. ‘இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் டோல்ட் யூ’ என்ற வாக்கியம் அட்டவணையில் கடினமான பாடமாக வருகிறது. ‘தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்’ என்பதோ எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் கடினமில்லை. நடக்காத ஒன்றைச் சொல்ல இரண்டு மொழிகளும் இறந்தகாலத்தையே கடன் வாங்குகின்றன. ‘மழை பெய்தால்’ என்ற நம் நிபந்தனை வினையே இறந்தகால அடியின்மேல் எழுந்ததுதான். ‘அந்தக் காலத்தில் தினமும் ஆற்றுக்குப் போவார்’ என்று பழைய வழக்கத்தைச் சொல்ல எதிர்கால வடிவத்தை எடுக்கிறோம். ஆங்கிலம் அங்கே ‘வில்’ என்பதன் இறந்தகாலமான ‘வுட்’ என்பதை எடுக்கிறது. இன்னும் புறப்படாதவர் ‘இதோ வந்துவிட்டேன்’ என்கிறாரே, அதை நம் இலக்கணம் பிழை என்று தள்ளவில்லை. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றால் காலம் மாறி வரலாம் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் இடம் வகுத்திருக்கிறார். வினையின் காலமும் கடிகாரத்தின் காலமும் ஒன்றல்ல என்பதை ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்த மொழியின் பிள்ளைகளுக்கு, ஆங்கிலக் காலத்தை வெறும் சூத்திரமாகச் சொல்லித்தருவது நியாயமே இல்லை.

இதற்கு முதல் மறுப்பு உடனே வரும்: ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும், தமிழை உள்ளே விட்டால் தமிழ்ப் போக்கிலேயே ஆங்கிலம் பேசுவார்கள். இந்தக் கவலையில் உண்மை உண்டு. இரண்டு மொழிகளும் எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை. ‘நேற்று சென்னை போயிருந்தேன்’ என்பது தமிழில் தனியாக நிற்கும் இயல்பான வாக்கியம். அதையே ‘ஐ ஹேட் கான் டு சென்னை யெஸ்டர்டே’ என்று சொன்னால், ஆங்கிலம் கேட்பவர் அதற்குப் பிந்திய இன்னொரு நிகழ்ச்சியை எதிர்பார்த்துக் காத்திருப்பார்; ‘ஐ வென்ட்’ என்பதே அங்கே போதும். ‘நேற்றே வந்திருக்கிறார்’ என்று நாம் சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘ஹேஸ் கம்’ என்பதோடு ‘யெஸ்டர்டே’ சேராது. ‘வருகிறேன் என்று சொன்னான்’ என்பதில் ‘வருகிறேன்’ நிகழ்காலமாகவே இருக்கும். ஆங்கிலமோ ‘ஹி செட் ஹி வாஸ் கமிங்’ என்று பின்னுக்குத் தள்ளும். ‘எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பள்ளிக்குப் போனேன்’ என்று எச்சங்களை அடுக்கி, கடைசி வினையில் முற்றாக முடிக்கிறோம். ஆங்கிலத்தில் அந்த நான்கு வினைகளும் தனித்தனியே இறந்தகால வடிவம் எடுக்க வேண்டும்.

ஆனால் இந்தப் பிழைகள் தமிழை வகுப்பில் அனுமதித்ததால் வந்தவை அல்ல. தமிழ் பேசக்கூடாது என்று தடைவிதித்த வகுப்புகளில் படித்தவர்களிடமும் இவை இருக்கின்றன. தாய்மொழியை வாயிலிருந்து விலக்கலாம், மனத்திலிருந்து விலக்க முடியாது. சொல்லாமல் விட்ட ஒப்பீட்டை மாணவர் தாமே, தவறாகச் செய்துகொள்கிறார். ‘போயிருந்தேன்’ தனியே நிற்கும், ‘ஹேட் கான்’ தனியே நிற்காது என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் அந்தத் தவறு கண்ணுக்குத் தெரியும். எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே பிரிகின்றன என்று தெரிந்த ஆசிரியர், ஒன்றுபடும் இடங்களை ஒரு வகுப்பில் முடித்துவிட்டு, பிரியும் நான்கைந்து இடங்களுக்கு வாரக்கணக்கில் நேரம் தர முடியும். 12 கட்டங்களுக்கும் ஒரே அளவு நேரம் ஒதுக்கும் இன்றைய முறையில், எளிதானதற்கு நேரம் வீணாகிறது, கடினமானதற்குப் போதவில்லை.

இரண்டாவது மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது: பொருள் புரிந்தால் போதாதா, இந்திய ஆங்கிலம் என்று ஒன்று வளர்ந்துவிட்டதே, வெள்ளைக்காரர் போலவே பேசியாக வேண்டுமா? ஆங்கிலத்துக்கு ஒரே ஓர் ஊர் வழக்கு கிடையாது என்பது சரியே. பிரிட்டனில் ‘ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்’ என்று சொல்லும் இடத்தில் அமெரிக்காவில் ‘ஐ ஜஸ்ட் ஏட்’ என்று சொல்வது வெகு இயல்பு. நம் வழக்கும் நமக்கு உரியது. அதைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. ஆனால் வேறுபாட்டைத் தெரிந்து ஒன்றைத் தேர்வதும், தெரியாமல் ஒன்றில் விழுவதும் ஒன்றாகிவிடாது. போட்டித் தேர்வுகளில் பிழை கண்டறியச் சொல்லும் வினாக்கள் மேலே சொன்ன இடங்களையே குறிவைக்கின்றன. வேலை விண்ணப்பமும் காவல் நிலையப் புகாரும் மருத்துவக் குறிப்பும், எது முந்தி நடந்தது, எது இன்னும் தொடர்கிறது என்பதை ஐயமில்லாமல் சொல்ல வேண்டியவை. கிராமத்துப் பிள்ளைக்கு இந்தத் துல்லியம் தேவையில்லை என்று முடிவுகட்டினால், அது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

மூன்றாவது மறுப்பு மனப்பாடம் பற்றியது. ‘கோ – வென்ட் – கான்’ போன்றவற்றை மனப்பாடம் செய்யாமல் எப்படி அறிவது என்று கேட்கலாம். வடிவங்களை மனத்தில் இருத்தியே ஆக வேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. எவற்றை முதலில் இருத்துவது என்பதே கேள்வி. 2007இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு, பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்று மாறிய 177 வினைகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் 98 மட்டுமே இன்றும் அப்படி இருக்கின்றன என்று காட்டியது. அடிக்கடி பயன்படும் வினைகள் பழைய வடிவத்தைக் காத்துக்கொண்டன. அரிதானவை ‘எட்’ விகுதிக்கு மாறிவிட்டன. ஆகவே அகரவரிசைப் பட்டியலை ஒப்பிக்க வேண்டிய தேவை இல்லை. நாள்தோறும் வாயில் வரும் சில பத்து வினைகளைக் கதையாகவும் உரையாடலாகவும் பழக்கினால் அவை தாமே பதியும். அந்த ‘எட்’ விகுதியையும் ஒலிக்கக் கற்றுத்தர வேண்டும். ‘வாக்ட்’, ‘ப்ளேய்ட்’, ‘வான்டட்’ என்று அது மூன்று விதமாக ஒலிப்பதைச் சொல்லாமல் விடுவதால், ‘வாக்கெட்’ என்று உச்சரித்துவிட்டுக் கேலிக்கு ஆளாகிறவர்கள் பேசுவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அன்று. பாடநூல் எழுதுவோர் ஒவ்வொரு இறந்தகால வடிவத்துக்கும் பக்கத்தில் அதற்கு நிகரான தமிழ் வாக்கியத்தையும், அது பொருந்தாத இடத்தையும் சேர்த்து அச்சிடலாம். ஆசிரியர் பயிற்சியில் ஆங்கில ஆசிரியர்களுக்குத் தமிழ் வினையின் இலக்கணம் ஒரு பாடமாக இருக்கலாம். தேர்வில் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ என்று கேட்பதைக் குறைத்து, நேற்று நடந்த ஒன்றைப் பத்து வரியில் எழுதச் சொல்லலாம். நிகழ்ச்சிகளை முன்பின்னாக அடுக்கும்போதுதான் ‘ஹேட்’ எதற்கு என்று புரியும். ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை பாஸ்ட் பர்ஃபெக்ட் நடத்தும்போது, சூத்திரத்தை எழுதும் முன் ‘நான் போனபோது பஸ் போயிருந்தது’ என்று கரும்பலகையில் எழுதுங்கள். எது முதலில் நடந்தது என்று கேளுங்கள். வகுப்பு முழுவதும் சரியாகப் பதில் சொல்லும். பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.