பத்து நாள் நோன்பு

சென்ற நோன்பில் வெள்ளவத்தையில் மச்சான் வீட்டில் தங்கியிருந்தேன். நோன்பு திறக்க ஓர் ஆய்வாளரும் வந்திருந்தார். மானிடவியல் படிக்கிறவர், முஸ்லிம் அல்லர். பத்து நாள் நோன்பு பிடித்தாராம். "புத்தகத்தில் படித்ததை இப்போது உடம்பால் அறிந்துவிட்டேன்" என்றார். நான் வாதாடவில்லை. எனக்கும் பசி.

உடம்பால் அறிவதை நம்மவர் சிலர் 'வெள்ளைக்காரன் வேஷம்' என்று எள்ளுவதுண்டு. அதை நான் ஏற்கவில்லை. இலங்கையில் பிறந்த தமிழரான வலன்டைன் டானியல், கிராமத்தவரோடு வெறுங்காலுடன் சபரிமலைக்கு நடந்தார். அந்த வலியை 'ஃபுளூயிட் சைன்ஸ்' (1984) நூலில் எழுதியிருக்கிறார். கேள்விக்கொத்தோடு போனவருக்கு அது கிடைத்திராது. கதிர்காமத்தில் ஒரு பெண்ணின் சடைமுடியைக் கண்டு தமக்கு உண்டான பதற்றத்திலிருந்துதான் கணநாத் ஒபேசேகர 'மெடூசாஸ் ஹெயார்' (1981) எழுதப் புகுந்தார். பயிற்சிக் கலாசாலையோடு படிப்பை நிறுத்திய கிராமத்து வாத்தியார் நான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இவற்றைப் படித்தேன். படித்தது வீண்போகவில்லை.

என் சண்டை வேறு. நாம் நம் உடம்பால் செய்வது பாதிதான். பிறர் அதற்குச் செய்வது மறுபாதி. 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் இருந்த தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. அங்கே மாண்டவர்களின் துயரத்துக்கு முன் என் சங்கடம் சிறிது. என்றாலும் அதன்பின் கொட்டாஞ்சேனைத் தெருவில் என் தாடிக்கு அர்த்தம் சொல்லும் உரிமை என்னிடம் இருக்கவில்லை.

பிறகு கொவிட். நம் ஜனாஸாக்களை எரித்தார்கள், 2021 பெப்ரவரி வரை. 20 நாள் குழந்தையையும் எரித்த பின், 2020 டிசம்பரில் பொரளை கனத்தை வேலியில் வெள்ளைத் துணிகள் கட்டப்பட்டன. மச்சான் கட்டியதும் அதில் ஒன்று. நான் என் வாப்பாவின் ஜனாஸாவைக் குளிப்பாட்டியவன். அந்தத் தண்ணீரின் குளிர் இன்னும் என் கையில் இருக்கிறது. அது மறுக்கப்பட்ட பிள்ளையின் கையை எத்தனை நாள் நோன்பு பிடித்து அறிவது?

தோட்டப் பெண்களின் பாடல் சேகரிக்க வந்த டானியல், 1983 வன்செயலின் பின் 'சார்ட் லலபைஸ்' (1996) எழுத நேர்ந்தது. வன்முறையை எழுதுவதன் கூச்சத்தை அதில் அவர் மறைக்கவில்லை. அந்தக் கூச்சம் வெள்ளவத்தை விருந்தாளியிடம் இல்லை.

நம்மிடம் மட்டும் என்ன இருக்கிறது? ஜனாஸாவை ஓட்டமாவடிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் வெறுங்கையோடு நின்ற ஒரு மகனைப் பற்றி நம் சஞ்சிகைகளில் ஒரு கதை தேடுகிறேன். என் கண்ணில் படவில்லை. எழுதியவர் இருந்தால் அனுப்புங்கள். ஆய்வாளருக்கு நானே தபாலில் சேர்க்கிறேன்.