ஆளுக்கொரு ஃபோல்டர் வேண்டும்!



எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான்தான். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. லேப் சர்வரில் கிடைக்கும் இடம்தான் எனக்கு நோட்டும் அலமாரியும். ஆனால் அங்கே எல்லோருக்கும் ஒரே பொது ஃபோல்டர். யார் வேண்டுமானாலும் திறக்கலாம், அழிக்கலாம். நாலு பேர் சினிமாவைக் கொட்டினால் டிஸ்க் நிரம்பிவிடும். மற்றவர் ப்ராஜெக்ட்டை சேவ் பண்ண இடம் இருக்காது.

இதற்கு வழி புதிதல்ல. 1983-ல் வந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸிலேயே ஆளுக்கு இவ்வளவு இடம் என்று வரையறுக்கும் கோட்டா உண்டு. லினக்ஸில் தனி ஃபோல்டர் போட்டு 700 என அனுமதி கொடுத்தால், உரியவரும் சர்வர் நிர்வாகியும் தவிர யாரும் உள்ளே நுழைய முடியாது.

கோட்டா என்றதும், "நம்மளைக் கட்டிப்போடுறாங்கப்பா" என்கிறார்கள் சிலர். அப்படியில்லை. லினக்ஸில் இரண்டு எல்லை வைக்கலாம். முதல் எல்லையைத் தாண்டினால் வழக்கமாக 7 நாள் தவணை உண்டு. அதற்குள் வேண்டாததை அழித்தால் போதும். இரண்டாவது எல்லையைத்தான் தாண்டவே முடியாது. 500 ஜிபி டிஸ்க், 200 மாணவர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 2 ஜிபி கொடுத்தாலும், சேர்ந்து படிக்கப் பொது ஃபோல்டருக்கென்று 100 ஜிபி மிஞ்சும்.

வீட்டில் லேப்டாப் உள்ளவருக்குக் கோட்டா தொல்லையாகத் தெரியலாம். இல்லாதவருக்கு அதுதான் பட்டா. ரேஷன் கடையில் அளந்து போடுவதால்தானே வரிசையில் கடைசியில் நிற்கிறவருக்கும் அரிசி கிடைக்கிறது?

வரும் ஆண்டில் நம் மாணவர் பேரவை முதலில் கேட்டு வாங்க வேண்டியது இதைத்தான்!